யாரும் பதுக்க வேண்டாம்

அடுத்த மாதம் ஊசி மருந்து வரத் தாமதமாகலாம் என்று விநியோகஸ்தர் போனில் சொன்னபோது, மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர் கலங்கவில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் அந்த மருந்து அவரிடம் தாராளமாக இருந்தது. அவர் கிடங்கில் யாரும் ‘இல்லை’ என்ற பதிலைக் கேட்டதே கிடையாது. அதனால்தான் மருத்துவமனையில் அவருக்குக் ‘கையிருப்பு’ என்றே பெயர். அதில் அவருக்கும் பெருமைதான்.

இருந்தாலும் முன்யோசனையாக எல்லா வார்டுகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பினார்: "தட்டுப்பாடு எதுவும் இல்லை. யாரும் பதுக்க வேண்டாம்."

சற்று நேரத்தில் கிடங்கு ஜன்னலில் செவிலியர் கூட்டம்.

"என்ன சிஸ்டர், வாரத்துக்கு ஒரு பெட்டிதானே வாங்குவீங்க?"

"பதுக்காதீங்கன்னு நீங்களே எழுதிட்டீங்க. இதுக்கப்புறமும் சும்மா இருந்தா நாங்கதான் ஏமாளி," என்றார் தலைமைச் செவிலியர்.

அலமாரி பாதி காலியானது. நாளை முதல் வார்டுக்கு ஒரு பெட்டிதான் என்று அறிவித்தார். இன்று என்று ஒரு நாள் மிச்சம் இருந்ததே! மீதிப் பாதியும் போயிற்று.

மறுநாள் பதுக்கிய பெட்டிகளைத் தேடி வார்டு வார்டாகச் சோதனைக்குப் புறப்பட்டார். அந்தச் செய்தி அவருக்கு முன்பே மாடியேறியிருந்தது.

"எல்லாம் செலவாயிடுச்சு சார்."

"ஒரே ராத்திரியிலயா?"

"மெத்தையைத் தூக்காதீங்க சார், ஆள் படுத்திருக்காரு!"

அப்போது அறுவைச் சிகிச்சை நிபுணர் வந்தார். "மதியம் ஒரு டீச்சரம்மாவுக்கு இதய ஆபரேஷன். அந்த மருந்து இல்லாம ஆரம்பிக்க முடியாது. உங்களை நம்பித்தான் தேதி கொடுத்தேன்."

"அதுக்கென்ன டாக்டர்!" என்று நெஞ்சை நிமிர்த்திவிட்டு, வார்டு வராந்தாவில் நின்றபடியே மற்ற மருத்துவமனைகளுக்குப் போன் போட்டார். "கொஞ்சம் தட்டுப்பாடு, ரெண்டு பெட்டி கிடைக்குமா?"

"என்னது, தட்டுப்பாடா?" அவர்களும் அலமாரியைப் பூட்டிக்கொண்டார்கள்.

டாக்டரிடம் ‘இல்லை’ என்று சொல்லிவிட லிஃப்டில் ஏறினார்.

"ஏன் சார் முகம் இப்படிக் கிடக்கு?" என்றார் லிஃப்ட்காரர்.

விஷயத்தைச் சொன்னார். லிஃப்ட்காரர் கீழ்த்தளத்துக்குப் பொத்தானை அமுக்கினார்.

"மேல போகணும்ப்பா!"

"உங்க ரூமுக்குத்தான் சார் போகணும். ‘சார் தேடாத இடமாப் பார்த்து வைங்கண்ணே’ன்னு எல்லா சிஸ்டரும் பெட்டிகளை என்கிட்டதான் கொடுத்தாங்க, நீங்க சோதனைக்குக் கிளம்பினதும் அத்தனையும் உங்க மேசைக்கு அடியிலேயே அடுக்கிட்டேன்."