முப்பத்திரண்டாம் நம்பர் மணி

இசையமைப்பாளர் சபதம் எடுத்துவிட்டார். இனிமேல் செத்தாலும் ப்ரீசெட்டைத் தொடமாட்டார்.

ப்ரீசெட் என்றால், சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியைச் செய்தவர்களே அதற்குள் போட்டு அனுப்பும் ரெடிமேட் ஒலிகள். ஒரு நம்பரைத் தட்டினால் வயலின், இன்னொன்றைத் தட்டினால் மணி. "ஊரார் எச்சில்" என்றார் இசையமைப்பாளர். தன் ஒலியைத் தானே செய்துகொள்வாராம்.

வானொலித் தொடர் ஒன்றுக்கு மணியோசையில் ஏழு நொடி முகப்பு இசை கேட்டிருந்தார்கள். முதல் நாளே முப்பத்திரண்டாம் நம்பர் மணியில் வாசித்துப் பதிவும் செய்துவிட்டார். அப்புறம்தான் இந்த ஞானோதயம். பதினோரு நாளாகக் குமிழ்களைத் திருகியதில் நாற்பது சொந்த மணிகள் பிறந்தன. முதல் மணி, ஃப்ரிட்ஜுக்குச் சளி பிடித்த மாதிரி. நாற்பதாவது, சளி கொஞ்சம் குணமான மாதிரி.

அது அவர் பாடு என்று விட்டுவிடலாம். ஆனால் வீட்டில் உபரியாக இருந்த ஒரே அறையையும் அல்லவா அந்த வயர்களும் வயர்களின் வாரிசுகளும் பிடித்துக்கொண்டன? அவர் மனைவி காது பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதுகிறவள். அவள் மேஜை எங்கே? நடைவழியில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில். மேதைமைக்குக் கதவு வேண்டுமாம். ஆராய்ச்சிக்குச் செருப்பு வாசனை போதுமாம்.

சனிக்கிழமை மாலை கெடு. காலையில் அவள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்க, முதல் நாள் வாசிச்சதையே அனுப்பிடுங்களேன். நல்லாத்தானே இருந்தது?"

"அது ப்ரீசெட்."

"அதையும் யாரோ ஒரு மனுஷன் உக்காந்துதானே செஞ்சிருப்பான்?"

"அதுல உயிர் இல்லை. உனக்குப் புரியாது."

"புரியாதுதான். நான் காதை மட்டும்தானே படிச்சிருக்கேன்."

குத்தல் இசையமைப்பாளரின் காதில் ஏறவில்லை. குமிழைத் திருகினார்.

"கேட்ட உடனே உயிர் இருக்கா இல்லையான்னு சொல்லிடுவீங்களா?"

"தூக்கத்துல எழுப்பிக் கேளு, சொல்றேன்."

"எழுப்ப வேணாம். நிலையத்துல செய்யற மாதிரியே ஒரு டெஸ்ட். சுவரைப் பார்த்து உக்காருங்க. பத்து தடவை மணி அடிப்பேன். உங்க மணின்னு தோணினா கை தூக்குங்க. ஜெயிச்சா என் மேஜையை பால்கனிக்குக் கொண்டுபோயிடறேன். தோத்தா முப்பத்திரண்டை அனுப்பணும். அறை எனக்கு."

"பால்கனியில வெயில் அடிக்குமேம்மா," என்றார் பெருந்தன்மையோடு.

கண்ணை மூடி உட்கார்ந்தார். முதல் மணி. கை அசையவில்லை. இரண்டாவது மணி. கை சிவ்வென்று மேலே போனது. "இதான். எப்படித் தளும்புது பாரு." மூன்றாவதுக்கு முகம் சுளித்தார். "தகரம்." நான்காவதுக்குத் தலையே ஆடியது. பத்து முடிந்தபோது ஐந்து தடவை கை தூக்கியிருந்தார். மாலைக்குக் கழுத்தை நீட்டுகிறவர் மாதிரி திரும்பினார்.

"எத்தனை சரி?"

"பத்தும் முப்பத்திரண்டு."



"இது போங்கு. என் மணியை நீ அடிக்கவே இல்லையே."

"இல்லைதான். நாங்க சில நேரம் ஒலியே போடாம உக்காந்திருப்போம். கேக்காததைக் கேட்டதுன்னு சொல்றவங்களையும் கண்டுபிடிக்கணுமே. உங்களுக்கு அஞ்சு தடவை கேட்டிருக்கு. அதுல ஒண்ணு தளும்பிச்சு."

இசையமைப்பாளர் இருபது நிமிடம் வாதாடினார். ஒலியின் ஆன்மா, கலைஞனின் தனிமை என்று என்னென்னவோ சொன்னார்.  கடைசியில், தொடரின் இயக்குநருக்கு ஃபோன் போட்டுக் கம்பீரமாகத் தொண்டையைச் செருமினார்.

"ரொம்ப யோசிச்சு ஒரு மணியோசையை முடிவு பண்ணியிருக்கேன். இப்போ அனுப்பறேன்."

"எதை சார்? வியாழக்கிழமையே உங்க வீட்டம்மா அனுப்பிட்டாங்களே. எல்லாருக்கும் பிடிச்சுப்போய் தொடர்ல சேர்த்தும் ஆச்சு."

ஃபோனைக் கையில் பிடித்தபடியே நடைவழிக்கு வந்தார்.

"வியாழக்கிழமையே அனுப்பிட்டியா? அப்புறம் எதுக்கு இந்த டெஸ்ட்?"

அவள் குனிந்து மேஜையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தேக்குங்க இது. ஒருத்தியால தூக்க முடியலை. அந்தப் பக்கம் பிடிங்க."