ஸ்டோர்கீப்பரின் மைட்டோகாண்ட்ரியா

மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்த ஸ்டோர்கீப்பர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். பச்சை மங்கிக்கொண்டே வந்தது.

விஷயம் இதுதான். செல்லுக்குள் சக்தி தயாரிப்பது மைட்டோகாண்ட்ரியா. வயசாக ஆக அது சோர்ந்துபோகும். சாயம் ஏற்றிப் பார்த்தால் இளசு பளிச்சென்று பச்சையாக மின்னும். கிழடு அழுது வடியும். இந்த ஆராய்ச்சிக்குத் தோல் செல் கொடுத்தவர்களில் ஸ்டோர்கீப்பரும் ஒருவர். வயது நாற்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை.

ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா நேற்று கையுறைப் பெட்டி வாங்க வந்தார். "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா? நாளைக்கு மத்தியானம் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, பெட்டியை மறந்து போய்விட்டார்.

மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் சரக்கைச் சோதிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லாதவர். இன்று டாக்டரம்மா மீட்டிங்குக்குப் போன நேரம் பார்த்து அவருடைய லேபுக்குள் நுழைந்தார். மூக்குக்கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்று அது எப்போதும்போல் சட்டைப்பையில் கிடந்தது. தன் எண் மாதிரி தெரிந்த தட்டை எடுத்து வைத்தார்.

முதலில் ஜெகஜ்ஜோதி. ஐந்தே நிமிஷத்தில் டல்லடித்தது. விளக்கை முழுசாகத் திருகினார். இன்னும் மங்கியது.

"சாப்பிடாம வந்துட்டேன், அதான்" என்று இரண்டு வாழைப்பழத்தை விழுங்கினார். பலனில்லை. உடற்பயிற்சி செய்தால் மைட்டோகாண்ட்ரியா பெருகும் என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. விளக்கை அப்படியே விட்டுவிட்டு, நாலு மாடியையும் மூன்று தடவை ஏறி இறங்கினார்.

கண்ணாடிச் சாமான் கழுவும் அக்கா எட்டிப் பார்த்தார். "செல்லு தட்டுல இருக்கு, நீங்க எதுக்கு சார் ஓடறீங்க?"

"என் செல்லுதானக்கா! எனக்குத் தெம்பு வந்தா அதுக்கும் வராதா?"

குனிந்து பார்த்தார். கும்மிருட்டு.

அந்த நேரம் டாக்டரம்மா வந்து நின்றார். "என்ன முடிவு பண்ணீங்க?"

"வேண்டாங்க." மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. "ஆசை மலையளவு இருக்கு. ஆனா உள்ள எல்லாம் அணைஞ்சுபோச்சு. நீங்களே பாருங்க."

டாக்டரம்மா பார்த்தார். தட்டின் எண்ணையும் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஸ்டோர்கீப்பரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தட்டின் லேபிளை எட்டிப் பார்த்த அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. "இவ்வளவு நேரம் விளக்குல காய விட்டா சாயம் வெளுக்காம என்ன சார் பண்ணும்? உங்க தட்டு இன்னும் செல்லு வளக்கற பெட்டியிலதான் இருக்கு, இது போன வாரம் பொறந்த குழந்தையோட தொப்புள்கொடி செல்லு!"