நூறடிக்குள் ஒரு கையெழுத்து

இனி மனைவியிடம் "வேண்டாம்" என்று வாயால் சொல்வதில்லை, சட்டம் போட்டே தடுத்துவிடுவது என்று ஆர்லன் பிரான்வோல்ட் முடிவு செய்தபோது அமெரிக்காவின் மினசோட்டாவில் பனி முழுக்க உருகியிருக்கவில்லை. நாற்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில் அந்தச் சொல்லை அவர் மூன்று முறை முயன்று பார்த்திருக்கிறார். மூன்று முறையும் வாயைத் திறந்தால் "சரி" என்றுதான் வந்தது. ஆனால் இப்போது அவர் நகர சபையில் மூன்றாம் வட்ட உறுப்பினர். கையில் அதிகாரம் இருக்கும்போது வாயை எதற்கு நம்ப வேண்டும்?

வில்லங்கம் காலைக் காப்பியோடு ஆரம்பித்தது.

"ரெண்டே ரெண்டு தேன்பெட்டிதான் ஆர்லன். கொல்லைல வேலி ஓரமா வச்சுக்கறேன்."

"வச்சுக்கோ."

"மே மாசம் முழுக்க நீ புல்லு வெட்டக் கூடாது."

"என்னது?"

"அந்த மஞ்சப் பூ இருக்கே, நீ மண்டி போட்டுப் புடுங்குவியே, அது பூக்கட்டும். குளிர்லேர்ந்து எழுந்து வர்ற தேனீக்கு அதுதான் முதல் சாப்பாடு."

"அது களை, மார்லிஸ்!"

"உனக்குக் களை. அதுக்கு இட்டிலி."

சரி, அவள் சொன்னது பான்கேக். விஷயம் ஒன்றுதான். ஊரிலேயே மட்டமான புல்தரை ஆர்லனுடையது. மட்டம் என்றால், மட்டப் பலகை வைத்துப் பார்க்கலாம், அப்படி. அதில் ஒரு மாதம் பூ, புதர், பூச்சி! வாயைத் திறந்தார். "சரி" என்றார்.

நல்ல காலம், அதே மாதத்தில் நகரத்தின் பிராணி விதிகளைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. நாய், பூனை, கோழி, இப்போது புதிதாகத் தேனீ. யார் எழுதித் தருவது என்று மேயர் போனி கேட்டதும் எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். ஆர்லன் கையைத் தூக்கினார். எந்த வேலைக்கும் அவர் கை தூக்கி யாரும் பார்த்ததில்லை என்பதால், ஹீட்டரை நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்து ஒருவர் எழுந்து போய் நிறுத்திவிட்டு வந்தார்.

தேனீப் பிரிவில் எழுதினார்: பெட்டி வைக்க விரும்புவோர், நூறடிக்குள் இருக்கும் எல்லா வீட்டாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும்.

அவர் வீட்டைச் சுற்றி நூறடிக்குள் நாலு வீடு. மூன்று வீட்டில் மார்லிஸ் ஒரு தட்டு இனிப்பை நீட்டினால் சொத்தையே எழுதிக் கொடுப்பார்கள். நாலாவது வெர்னன் ஸ்கார். பதினோரு வருடமாக அவர் ஆர்லனோடு பேசுவதில்லை. அந்தக் கோபம் இருக்கிற தைரியத்தில்தான் ஆர்லன் அந்த வரியை எழுதினார்.

கோபத்துக்குக் காரணம் ஒரு நாய். பெயர் பிஸ்கெட். வெர்னனும் ஆர்லனும் ஒரே படகில் மீன் பிடித்த காலத்தில் அது இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். ஒருநாள் வேலி தாண்டி வந்து ஆர்லனின் புல்தரையில் மூன்று குழி தோண்டியது. ஆர்லன் கோபத்தில் நகர அலுவலகத்துக்கு போன் போட்டார். பழைய விதிப்படி, கட்டில்லாமல் திரியும் நாயை முதலில் வண்டியில் ஏற்றுவார்கள், சொந்தக்காரருக்கு அப்புறம்தான் சொல்வார்கள். நாலு நாள் கூண்டில் கிடந்து இருமலோடு வீடு திரும்பிய கிழட்டு நாய், பத்தாம் நாள் செத்துப்போனது. அன்றைக்கே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மறுநாள் போகலாம் என்று இருந்தார். பதினோரு வருடம் ஓடிவிட்டது.

நாய்ப் பிரிவை எழுதும்போது பேனா சற்று நின்றது. பிறகு யாருக்கும் தெரியாமல் ஒரு வரி சேர்த்தார்: நாயைப் பிடிக்கும் முன் சொந்தக்காரரைத் தேடிச் சொல்ல வேண்டும், அவர் வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் ஒப்படைக்க வேண்டும்.

வீட்டில் "வேண்டாம்" சொல்லத் தெரியாத மனிதர், பக்கத்து வீட்டில் "தப்புதான்" சொல்லவும் தெரியாத மனிதர், இரண்டையும் சட்டமாக எழுதி முடித்து நிம்மதியாகத் தூங்கினார்.

மார்லிஸ் அந்த வரைவை இரண்டு முறை படித்தாள்.

"தேனீப் பிரிவு ரொம்பக் கெட்டி."

"பொது நலம், மார்லிஸ்."

"நாய்ப் பிரிவு நல்லா இருக்கு."

"அதுவும் பொது நலம்தான்."

"ம்," என்றாள். அந்த "ம்"முக்கே அவர் பயந்திருக்க வேண்டும்.

விதிகள் சபைக்கு வந்த அன்று, பொதுமக்கள் பேசும் நேரத்தில் மார்லிஸ் எழுந்து ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றாள். ஆளுக்கு மூன்று நிமிடம்.

"பதிவுக்காகப் பேரும் முகவரியும் சொல்லுங்க," என்றார் மேயர், தினமும் பார்க்கிற மார்லிஸிடம்.

"மார்லிஸ் பிரான்வோல்ட். நானூத்திப் பன்னெண்டு, எல்ம் தெரு. உங்களுக்கு வலது பக்கம் மூணாவதா தலையக் குனிஞ்சிட்டு உக்காந்திருக்காரே, அவர் வீடும் அதுதான்."

சபை சிரித்தது. தலை இன்னும் குனிந்தது.

"விதி நல்ல விதி. நூறடிக்குள்ள நாலு வீடு. நாலாவது வெர்னன் வீடு. அங்க நேர்ல போய்ப் பேச வேண்டியது ஒண்ணு இருக்கு. பேச வேண்டியது நான் இல்ல. எங்க வட்டத்து உறுப்பினர் போவாரான்னு கேக்க வந்தேன்."

"மூணாம் வட்டம். ஆர்லன், உங்க வட்டம்தானே?" என்றார் மேயர்.

ஊரே பார்த்தது. ஆர்லன் வாயைத் திறந்தார்.

"சரி."

விதிகள் ஏகமனதாக நிறைவேறின. சனிக்கிழமை காலை மார்லிஸ், கையெழுத்துத் தாள் என்று சொல்லி, ஒட்டிய உறை ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினாள். ஆர்லனிடம் கணக்கு தயாராக இருந்தது. கேட்பது, வெர்னன் கதவைச் சாத்துவது, சோகமுகத்தோடு திரும்புவது, புல்தரை பிழைப்பது. மொத்தம் ஒரு நிமிட வேலை.

கதவு திறந்தது.

"வெர்னன்."

"ஆர்லன்."

"பனி விட்டுடுச்சு போலிருக்கு."

"விட்டுடுச்சு."

வெர்னன் கதவைச் சாத்தவில்லை. மெலிந்து போயிருந்தார். அவருக்குப் பின்னால் ஆணியில் பிஸ்கெட்டின் கழுத்துப்பட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஆர்லனின் கணக்கெல்லாம் அதைப் பார்த்ததும் மறந்துபோனது.

"அன்னிக்கு போன் பண்ணது நான்தான்."

"தெரியும்."

"நீ ஆஸ்பத்திரில இருக்கேன்னு தெரிஞ்சேதான் பண்ணேன்."

வெர்னன் அவரையே பார்த்தார். "அது தெரியாது."

"மூணு குழி, வெர்னன். வெறும் மூணு குழி. அரை மணி நேரத்துல மூடிட்டேன். தப்புப் பண்ணிட்டேன். இதச் சொல்ல எனக்கு இவ்ளோ நாளாயிருக்கக் கூடாது."

வெர்னன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கடைசி வாரம் பூரா பிஸ்கெட் உன் வீட்டப் பாத்துதான் படுத்திருந்துச்சு. நீ பன்னிக்கறித் துண்டு போடுவியே, அதுக்கு. நீ வெளியவே வரல."

ஆர்லன் அந்த வாரம் முழுக்கத் திரைச்சீலையை மூடிக்கொண்டு உள்ளேயே இருந்தார். இதற்கு எந்தப் பிரிவிலும் திருத்தம் கொண்டுவர முடியாது.

"நீ கையெழுத்துப் போட வேண்டாம்," என்று உறையை மடக்கினார். "அதக் கேக்கற யோக்கியத எனக்கில்ல."

"எந்தக் கையெழுத்து?"

"தேன்பெட்டிக்கு."

"அதப் போட்டு மூணு வாரம் ஆச்சேடா! மார்லிஸ் உன் நாய்ப் பிரிவக் கொண்டாந்து காட்டினா. படிச்சேன். உடனே போட்டேன்."

ஆர்லன் உறையைக் கிழித்தார். நாலு கையெழுத்தும் இருந்தன. நாலாவது எல்லாவற்றுக்கும் முந்திய தேதி.

"அப்ப என்னை எதுக்கு அனுப்பினா?"

"உன் பொண்டாட்டியப் பத்தி என்னைக் கேட்டா?" வெர்னன் செருப்பை மாட்டிக்கொண்டார். "வா, பெட்டி ரெண்டும் என் ஷெட்டுலதான் இருக்கு. பெயின்ட் காஞ்சிடுச்சு. கனம். நீ ஒரு பக்கம் பிடி."

ஷெட்டில் வெள்ளையாக இரண்டு பெட்டிகள் இருந்தன. அவற்றுக்குப் பின்னால், பூட்டுப் போட்ட சங்கிலியோடு, பச்சை நிறத்தில் ஒரு புல்வெட்டும் மெஷின்.

"வெர்னன், இது என்னோடதுடா."

"ஆமா. ஜூன் ஒண்ணாந் தேதி வந்து வாங்கிக்கச் சொன்னா."