கொடிக்கம்பத்திலிருந்து இறங்காத பை

அன்புத் தங்கை ரென்ஸ்கேவுக்கும் மிச்சிகன் மாப்பிள்ளை ராண்டிக்கும், டச்சு நாட்டு ஸ்னேக் நகரிலிருந்து அண்ணன் ஃபோப்பே எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இங்கே நலமில்லை. ஆகவே ஆவலை மட்டும் ஏற்றுக்கொள்ளவும்.

எம்பொண்ணு நின்கேயை அமெரிக்காவுக்கு அனுப்பினால் ஒரே வருஷத்தில் பள்ளிப்படிப்பை முடித்து பட்டமளிப்பு அங்கி போட்டுவிடுவாள் என்று எழுதியிருக்கிறாய். நல்ல மனசு. ஆனால் செவ்வாய்க்கிழமை நீ செய்த காரியம் உனக்குத் தெரியுமா? கணக்கில் மறுதேர்வும் எழுதிவிட்டு, முடிவுக்காக அவள் காத்திருந்த மத்தியானம் அது. தோற்ற பிள்ளைக்கு மட்டும்தான் பள்ளியிலிருந்து போன் வரும், மூணு மணிவரை மணி அடிக்கவில்லை என்றால் பாஸ். இதுகூடவா மறந்துபோச்சு? நீயும் இதே போனைப் பார்த்துக் குலைநடுங்கி உட்கார்ந்தவள்தானே! செல்போனில் கேட்கப் பயந்து அவள் வீட்டு நம்பரைக் கொடுத்திருந்தாள். ரெண்டு மணிக்கு மணி அடித்தது. அவள் என்னைத்தான் முன்னால் தள்ளினாள். எடுத்தால், நீ! உன் மகன் டைலர் அங்கி மாட்டியதும், தொப்பியை வீசியதும், அது உன் மாமியாரின் உருளைக்கிழங்கு சாலட்டில் விழுந்ததும்... "போனை வைப்பா, வைப்பா!"ன்னு இவ சைகை காட்டுறா. நீ விட்டால்தானே! நீ வைத்தபோது மூணேகால்.

மூணு அடித்தும் போன் வரவில்லை. எப்படி வரும், லைன்ல நீ இருக்கியே! அது எங்க மரமண்டையில ஏறலை. நின்கே குதிச்சா பாரு, அவ அம்மா போனதுக்கப்புறம் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கலை. ஓடிப்போய்க் கொடியை மாட்டி, கம்பத்து நுனியில பள்ளிக்கூடப் பையையும் தொங்கவிட்டா. பாஸான வீடுன்னு தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு. பக்கத்து வீட்டு போஸ்ட்மா அம்மா கேக்கோடு வந்து மூணு முத்தம் கொடுத்தாங்க. "தாதிப் படிப்புக்குப் போறா எம்பொண்ணு!"ன்னு நான் கத்துறேன், அப்போ சைக்கிள்ல வந்து இறங்கினார் கணக்கு வாத்தியார் ஹூக்ஸ்மா. வாழ்த்த வந்திருக்காருன்னு நினைச்சு, நான் ஒரு முட்டாள், கேக் தட்டை அவர் கையில திணிச்சேன். மனுஷன் தின்னவும் முடியாம, கீழே வைக்கவும் முடியாம, அந்தப் பையையே பார்த்துக்கிட்டு நின்னார். "ஒரு மணிநேரமா போன் பண்ணிட்டே இருந்தேங்க" என்றார். நின்கேதான் முதலில் புரிந்துகொண்டாள். "எவ்வளவுல சார் போச்சு?" "ரொம்பக் கொஞ்சம்தாம்மா."

பையை இறக்கப் போனால், வார் கம்பத்தில் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது! போஸ்ட்மா அம்மா வீட்டு ஏணியைப் போட்டு நான் ஏறினேன். தெரு முழுக்கக் கேக் தட்டோடு அண்ணாந்து பார்க்குது. கீழேயிருந்து நின்கே, "பார்த்துப்பா, விழுந்துடாதே" என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன் தங்கச்சி.

உங்க ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பள்ளிக்கூடம். டைலர் போன வருஷக் குளிர்காலத்தில் கணக்கில் கோட்டைவிட்டான், கோடையில் நாலு வாரம் உட்கார்ந்து சரிக்கட்டினான், யாரும் செத்துப்போகலை. இங்கே பன்னிரண்டு வயசிலேயே பிள்ளைகளைச் சலித்து நீ மேல்படி, நீ நடுப்படி, நீ கீழ்ப்படி என்று நிறுத்திவிடுகிறார்கள். நடுப்படியில் நின்ற எம்பொண்ணு அஞ்சு வருஷம் முட்டிமோதினாள், கடைசியில் நாட்டுக்கே பொதுவான ஒரு பரீட்சை கழுத்தை நெரித்துவிட்டது. இருந்தாலும் கேட்டுக்கொள்: இங்கே பாஸ் என்றால் பாஸ். உங்க சான்றிதழைக் கொண்டுவந்தால் இங்கே கீழ்ப்படிக்குத்தான் சமம் என்கிறார்கள். தொப்பி வீசுவதற்காக என் மகளைக் கடல் தாண்டி அனுப்ப மாட்டேன். அவள் இன்னொரு வருஷம் இங்கேயே உட்காருவாள். முடிவு முடிவுதான்.

டைலருக்கு மாமாவின் ஆசிகள். ராண்டியின் முழங்கால் தேறட்டும். நீங்கள் எல்லோரும் நீடூழி வாழ்க.

பாசமுள்ள அண்ணன்,
ஃபோப்பே

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் நின்கே படித்துவிட்டாள். "இதுல உன் ரோஷம் இருக்கு, நான் எங்கேப்பா?" என்றாள். "ரொட்டி வாங்கப் போனாக்கூடத் தெருவே பாவம்னு பார்க்குது. அத்தை ஊர்ல என்னை யாருக்கும் தெரியாது. போறேம்ப்பா." தங்கச்சி, மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடு. ஆகஸ்டில் அவளை அனுப்புகிறேன். காலையில் எழுப்பினால் "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பாள். திட்டாதே, விட்டுவிடு. இங்கே எனக்கு இனிமேல் எழுப்ப யாருமில்லை.