இல. 1, உரோமப் பேரரசு, கீழ்ப்பிரிவு

உரோமப் பேரரசு அழிந்து ஆயிரத்தைந்நூறு வருசத்துக்கு மேலாகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததை நிஷாலினி அப்படியே நம்பித் தொலைத்தாள். அவள் செய்த முதல் தவறு அதுதான்.

லுணுகலைக்கு மேலே சவுக்குமலைத் தேயிலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு, மூன்றாம் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவள். பட்டம் முடித்துவிட்டுப் பட்டப்பின் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். பழைய கிரேக்க உரோம உலகத்தைப் பின்னால் வந்தவர்கள் தங்கள் தங்கள் அளவுக்கு எப்படி வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டார்கள் என்று ஆராயும் துறை. அதற்கு இப்போது நல்ல மவுசு. பழைய உலகத்தை ஆராய்வதெல்லாம் பழைய பாணியாம். ஆராய்ந்தவர்களை ஆராய்வதுதான் புதுப் பாணியாம்.

அவளுடைய தலைப்போ சொந்த ஊர்ச் சரக்கு. கீழ்ப்பிரிவு வேதக்கோயிலில் பெரிய வெள்ளிக்கு, இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடகம் போடுவார்கள். அதில் உரோம ஆளுநர் பிலாத்து அரைக்காற்சட்டை போட்டு, கையில் பிரம்போடு வருவான். முதன்முதலில் நாடகம் போட்டவர்கள் உரோம ஆளுநரை எங்கே கண்டார்கள்? அவர்கள் கண்டது தோட்டத்துத் துரையைத்தான். ஆகவே பிலாத்து விசாரணைக்கு முன்னால், காலையில் பெரட்டுக்கு நிறுத்துகிற மாதிரி எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவான். பிந்தி வரும் பேதுருவுக்கு அரை நாள் சம்பளத்தை வெட்டி, "ஒனக்கு அரைப்பேர்தான், போடா!" என்பான். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

இதைக் கேட்ட மேற்பார்வைப் பேராசிரியருக்குப் புல்லரித்துவிட்டது. "விளிம்பு, மையத்தைத் தன் உடல்மொழியால் மறுவாசிப்புச் செய்கிறது," என்றார். போன வருடம் சேலைக் கரையைப் பற்றியும் இதையேதான் சொல்லியிருந்தாராம்.

புலமைப்பரிசிலோடு இடம் கிடைத்தது. ஏப்ரல் முப்பதுக்குள் பதிவை முடிக்க வேண்டும். தவறினால் இடமும் போச்சு, பரிசிலும் போச்சு.

"ஒன்பதாம் நிரல் வெறுமையா இருக்கே," என்றார் பல்கலைக்கழகப் பதிவுப் பிரிவில் இருந்த றிஸ்னி மிஸ். "ஆய்வுக்குட்படும் சமூகத்தின் தலைவரது எழுத்துமூலச் சம்மதம். ஒங்கட சமூகம் எது?"

"பண்டைய ரோமாபுரிங்க மிஸ்."

"அப்ப அந்தத் தலைவர்ட கடிதம் எடுத்துட்டு வாங்க."

"அந்த ராச்சியம் முடிஞ்சு எவ்வளவோ காலமாச்சுங்களே!"

"இறப்புச் சான்றிதழ் இருக்கா?"

"ராச்சியத்துக்கு யாருங்க இறப்புச் சான்றிதழ் குடுப்பாங்க?"

"அப்ப ராச்சியம் இன்னும் முடியல்லதானே. தலைவர் இல்லாட்டி, பொறுப்பில இருக்கிற யாராவது கையொப்பம் வெச்சாலும் சரி."

றிஸ்னி மிஸ் கெட்ட மனுசி இல்லை. காலி நிரலைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அழாக்குறையாக இதைச் சொன்னபோது பெரியப்பா யேசுரத்தினம் சிரித்தார். பிலாத்து வேடம் கட்டுபவர் அவர்தான்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? இருவத்திரெண்டு வருசமா ரோமாபுரிக்கு நாந்தான கவர்னரு? சீசரு ஒரு நாளாச்சும் இந்தப் பக்கம் எட்டிப் பாத்தாரா? குடு பேனைய!"

'யேசுரத்தினம், பதில் ஆளுநர்' என்று கையெழுத்துப் போட்டார்.

பல்கலைக்கழகம் அந்தக் கடிதத்தை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டதுதான் வினை. "கடிதம் சரி. பேரரசுட பதிவிலக்கமும் முகவரியும் இல்லயே," என்று றிஸ்னி மிஸ் போனில் சொன்னார்.

ஆகவே பெரியப்பாவும் நிஷாலினியும் கிராம உத்தியோகத்தர் மிப்ரானிடம் போனார்கள். அவர் புதிய சங்கம் பதியும் படிவத்தை எடுத்தார்.

"சங்கத்தின் பேர்?"

"உரோமப் பேரரசுங்க."

"செயற்படும் எல்லை?"

"முன்ன ரொம்பப் பெரிசுங்க ஐயா," என்றார் யேசுரத்தினம் அடக்கமாக. "இப்போதைக்குக் கீழ்ப்பிரிவுன்னு போட்டுக்கங்க."

"முகவரி?"

லயத்துக்கு ஏது முகவரி? கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். யன்னலோரப் பெட்டியில் கிடந்து மஞ்சளாகி, யாருக்காவது நினைவு வந்தால் லயத்துக்கு வரும். பக்கத்து வீட்டு ஜூட்டின் நேர்முகத் தேர்வுக் கடிதம், தேர்வு முடிந்து பதினொரு நாள் கழித்து வந்தது. அவன் இன்னும் அதைக் கிழிக்காமல் வைத்துக்கொண்டிருக்கிறான், பாவம்.

"லயத்துக்கு இலக்கம் போட எனக்கு அதிகாரம் இல்ல. காணி கம்பனிட," என்றார் மிப்ரான். "ஆனா பதிஞ்ச சங்கத்துக்குப் போடலாம். சுற்றறிக்கை இருக்கு."

"அப்ப ஆளுகளுக்குங்க?"

"ஆளுகளப் பத்திச் சுற்றறிக்கை வரல்ல."

கோயிலுக்குப் பின்னால், அட்டைக் கேடயங்களும் தகர வாள்களும் கிடக்கும் கொட்டிலை மிப்ரான் நேரில் வந்து அளந்தார். கதவில் வெள்ளைப் பெயின்டால் 'இல. 1' என்று தம் கையாலேயே எழுதினார். இருநூறு வருசமாக மனுசருக்குக் கிடைக்காத இலக்கம், அட்டைக் கேடயத்துக்கு ஒரே வாரத்தில் கிடைத்தது.

அடுத்த கிழமையே தபால்காரர் நேராகக் கொட்டிலுக்கு வந்து நின்றார். பேரரசின் முகவரியைப் போட்டு விண்ணப்பித்திருந்த ஜூட்டுக்கு இன்னொரு நேர்முகத் தேர்வு. இந்தத் தடவை நான்கு நாள் முன்னதாகவே கடிதம்! அவன் போய் வேலையோடு வந்தான். அப்புறம் கேட்கவா வேண்டும்? கீழ்ப்பிரிவு முழுக்கப் பேரரசில் சேர வரிசை கட்டியது. மாரியம்மன் கோயில் பக்கத்து அங்கம்மா மட்டும் தயங்கினாள்.

"நாங்க வேதக்காரங்க இல்லியே, சேத்துக்குவீங்களா?"

"அந்தக் காலத்து ரோமாபுரிக்காரனுக்கும் ஏகப்பட்ட சாமிங்களாம். எங்க நிஷாலினி ஆராய்ச்சியே சொல்லுது. நீங்கதான் அசல் ஆளு, வாங்க!" என்றார் யேசுரத்தினம்.

ஏப்ரல் இருபத்தைந்தாம் திகதி, 'இல. 1, உரோமப் பேரரசு மேற்பார்த்து' என்ற முகவரிக்கு, பல்கலைக்கழகத்திலிருந்து நிஷாலினிக்கே ஒரு கடிதம் வந்தது.

'தாங்கள் சமர்ப்பித்த பதிவுச் சான்றிதழின்படி உரோமப் பேரரசு இவ்வாண்டு மார்ச் 12 ஆம் திகதி நிறுவப்பட்டுள்ளதால், அது பண்டையது என்னும் வரைவிலக்கணத்துள் அடங்காது. பேரரசைக் கலைத்து, கலைக்கப்பட்டமைக்கான சான்றிதழை 30 ஆம் திகதிக்கு முன் அனுப்பின் தங்கள் பதிவு உறுதிசெய்யப்படும்.'

அவளுக்குக் கோபம் உச்சியில் ஏறியது. "நாசமாப் போச்சு!" என்று வாய்விட்டே கத்தினாள். மிப்ரானிடம் ஓடினாள். சங்கத்தைக் கலைக்க வேண்டுமானால் பொதுக்கூட்டம் கூட்டித் தீர்மானம் எடுக்க வேண்டுமாம். பேரரசும் கூட்டத்தைக் கூட்டியது. அன்றைக்கென்று பஸ் பழுதாகி, அவள் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது கூட்டம் தொடங்கி அரை மணியாகியிருந்தது.

யேசுரத்தினம் நாற்காலியில் இருந்தார். "சரி, எல்லாரும் சொல்லுங்க. பேரரசக் கலைச்சிருவமா?"

"கலைக்காதே! கலைக்காதே!"

வருசா வருசம் நாடகத்தில் 'சிலுவையில் அறையும்!' என்று கத்திப் பழகிய தொண்டைகள். கோயில் மணியே அதிர்ந்தது.

"பெரியப்பா! எனக்காகத்தான இத ஆரம்பிச்சீங்க? என் படிப்பு போயிருமே!"

"தெரியும்மா. நெஞ்சு வலிக்குது," என்றார் அவர். உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது. "சனம் இப்பிடிச் சொன்னா நான் என்னா பண்ண?"

"ஏன் புள்ள," என்று அங்கம்மா எழுந்தாள், "அந்தக் கடுதாசி ஒனக்குத் தேதிக்குள்ள எப்பிடி வந்துச்சு?"

நிஷாலினி உறையைத் திருப்பினாள். மேலே 'இல. 1' என்றிருந்தது.

"கலைச்சிட்டா, நாளைக்கு அவங்க ஒனக்குப் பட்டமே குடுத்தாலும் அந்தக் கடுதாசி எங்க வரும்? யன்னல் பெட்டிக்கா?"

நிஷாலினி கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவளுக்கு நேரத்தோடு வந்த ஒரே கடிதம், அவளை வேண்டாம் என்று சொல்லும் கடிதம்தான்.

"கலைக்க வேணாங்கிறவங்க கையத் தூக்குங்க," என்றார் யேசுரத்தினம்.

எல்லாக் கையும் உயர்ந்தது. கம்பனிக் காணிக் குவாட்டர்சில் முகவரியில்லாமல் குடியிருந்த மிப்ரானும் பின்வரிசையில் மெல்லக் கை தூக்கினார். கடைசியாக நிஷாலினியின் கையும், கடிதத்தோடேயே, மேலே போயிற்று.

யேசுரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொப்பியை விரித்தார். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு எழுதிக்கொண்டு வந்தவர், அவளிடம் வந்ததும் நிறுத்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நிஷாலினி, அரை மணி லேட்டு," என்றார். "ஒனக்கு அரைப்பேர்தாம்மா."