இருபத்து நாலு வீட்டில் உன் முகம்

மரக்காணம்,
ஆனி மாதம் 20ஆம் நாள்.

கிளியனூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் தங்கை மலர்கொடிக்கு, அண்ணன் கண்ணாயிரம் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி அமுதவல்லி, மகள் செந்தமிழ், அவளுடைய லேசர் மிஷின் ஆகிய நாலு பேரும் நல்ல சுகம். உன் சுகத்தை உன்னிடமே கேட்கிற உரிமையை ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ பிடுங்கிக்கொண்டதால், திண்டிவனம் மார்க்கெட்டில் அகப்படுகிற கிளியனூர் ஆட்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உனக்கு முட்டிவலி, மாப்பிள்ளைக்குச் சொத்தைப் பல், பாப்பா நர்ஸிங் இரண்டாம் வருஷம் என்பது வரைக்கும் தெரியும். போன் பண்ணியிருக்கலாம். என் நம்பரை நீ பிளாக் பண்ணியிருக்கிறாய். வேறு நம்பரில் கூப்பிட்டால் என் இருமலைக் கேட்டதுமே வைத்துவிடுகிறாய். ஆகவே தபால். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. உன் மானம் சம்பந்தப்பட்ட விஷயம் இது, கடைசி வரைக்கும் படி.

உப்பளத்தில் மோட்டார் ஓட்டுகிற வேலையை விட்டு எனக்கு மூன்று வருஷம் ஆகிறது. செந்தமிழ் புதுச்சேரியில் பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு வந்து, நம் வீட்டு முன்னறையில் இந்த மிஷினை இறக்கினாள். படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பலகையை உள்ளே வைத்து மூடினால், வெளிச்சம் ஒன்று வரி வரியாக மரத்தைச் சுட்டுக்கொண்டே போகும். அரை மணியில் முருகனோ மாதாவோ பழுப்பு நிறத்தில் எழுந்து வருவார்கள். செந்தமிழ் முதலாளி. நான் பலகை தேய்க்கிறவன். முப்பது வருஷம் உப்பில் நின்றவன் இப்போது நாள் முழுக்க உப்புத்தாளோடு உட்கார்ந்திருக்கிறேன், உப்பு என்னை விடுவதாக இல்லை. கடல் காற்றில் பலகை அப்பளம் போல வளைகிறது, ஆணி ஒரே மாதத்தில் துருப்பிடிக்கிறது, வீடு முழுக்கப் புகை நாற்றம். உன் அண்ணி மிஷினைப் பார்த்து ஒரு நாளைக்கு மூன்று முறையாவது பெருமூச்சு விடுகிறாள்.

ஆனாலும் தொழில் நடக்கிறது. உன்னோடு படித்த சவரியம்மாள், மகளின் புதுவீட்டுக்கு வேளாங்கண்ணி மாதா கேட்டாள். பாதியில் கரண்ட் போய் வந்தது. மிஷின் விட்ட இடத்தில் தொடங்காமல் தனக்குத் தோன்றிய இடத்தில் தொடங்கியதால் மாதாவுக்கு இரண்டு கிரீடம் வந்துவிட்டது. வேறு செய்து தருகிறோம் என்று சொல்லியும் அவள் கேட்கவில்லை. “பரவால்லண்ணா, மாதாவுக்கு ரெண்டு போட்டாலும் தகும்” என்று எடுத்துப் போனாள். கூனிமேட்டு பாய் ஒருவர் ஓதும் வசனம் பொறிக்கச் சொல்லியிருந்தார். செந்தமிழ் அழகாகப் பொறித்தாள், நான் அதைத் தலைகீழாக மாட்டி வைத்திருந்தேன். அவர் வந்தார், கழற்றி நேராக மாட்டினார், ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, “மாஷா அல்லா, நல்லா வந்துருக்குதுங்க” என்றார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சித்திரை மாதம் நம் பங்காளிகள் கூட்டம் போட்டார்கள். பெரியப்பா மகன் விஜயகுமார் எழுந்து, “எல்லார் ஊட்லயும் முருகர் இருக்கறாரு, புள்ளையார் இருக்கறாரு. நம்ம குலதெய்வம் மட்டும் உப்பளத்துக் கரையில வெயில்ல கெடக்குது. ஊட்டுக்கு ஒரு பலகை போட்டுடலாம்பா” என்றான். மொத்தம் இருபத்து நாலு வீடு. செந்தமிழுக்கு இதுவரை வராத பெரிய ஆர்டர். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “ஆத்தா போட்டோ குடுங்க.” அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. கரைமேட்டம்மன் என்பது மஞ்சள் பூசிய மூன்று செங்கல். நம் முப்பாட்டன் காலத்திலிருந்து கும்பிடுகிறோமே தவிர, ஆத்தாவின் முகத்தை ஒருத்தரும் பார்த்ததில்லை. உடனே ஆளாளுக்கு ஒரு முகம் சொன்னார்கள். ஒருத்தன் “கோரப்பல்லு வையிம்மா” என்றான். “ஐயோ, புள்ளைங்க பயந்துக்கும், சிரிச்ச மாதிரி இருக்கட்டும்” என்று பெண்கள் சொன்னார்கள். “நம்ம ஆத்தா எப்பங்க சிரிச்சுது? போன வருஷங்கூட மழையக் கொட்டி உப்பைக் கரைச்சுது” என்றான் விஜயகுமார். மதியம் தொடங்கிய பேச்சு பொழுது சாய்ந்தும் முடியவில்லை. கடைசியில் செந்தமிழ், உடம்பு, சூலம், கிரீடம் எல்லாம் வரைந்து, முகத்தை மட்டும் வெறுமையாக விட்டு வைத்தாள்.

வைகாசியில் ஒரு நாள் அவள் மரம் வாங்கத் திண்டிவனம் போனாள். விஜயகுமார் வாசலில் நின்றுகொண்டு அவசரப்படுத்தினான். எனக்கு அந்த மிஷினில் தெரிந்தது பச்சைப் பட்டன் ஒன்றுதான், அதை அழுத்தினேன். கடவுள் சாட்சியாக வேறு எதையும் தொடவில்லை. கம்ப்யூட்டருக்குள் எங்கேயோ கிடந்த உன் பழைய போட்டோவை மிஷின் தானாகவே எடுத்து, வெறுமையாக இருந்த இடத்தில் வைத்துச் சுட்டுவிட்டது. உன் பத்தொன்பது வயசு முகம். கண்ணாடி போடாமல் மிஷினுக்குள் பார்க்கக் கூடாது என்று செந்தமிழ் சொல்லியிருப்பதால் நானும் பார்க்கவில்லை. இருபத்து நாலு பலகையையும் பேப்பரில் சுற்றி, நூல் கட்டி, விஜயகுமாரின் வண்டியில் ஏற்றிவிட்டேன்.

கரைமேட்டில் வைத்து எல்லோர் முன்னாலும் பிரித்தார்கள். முதல் பலகையை நம் ஆண்டாள் அத்தை கையில் கொடுத்தார்கள். அத்தை கண் ஆபரேஷன் பண்ணிக்கொண்ட புதுசு, எதைக் கொடுத்தாலும் உற்றுப் பார்க்கிறது. பலகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தள்ளிப் பிடித்துப் பார்த்து, “ஏம்பா, இது நம்ம மலரு இல்ல?” என்றது. கிரீடம் இருந்தாலென்ன, சூலம் இருந்தாலென்ன, இடது புருவத்தில் அந்த வெட்டுத் தழும்பு தெளிவாக விழுந்திருந்தது. அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், அந்தக் கதை இப்போது வேண்டாம்.

அன்றையிலிருந்து நான் வெளியே தலைகாட்ட முடியவில்லை. ஆத்தா உருவம் வந்துவிட்ட பலகையைக் கீழே போடவும் முடியாது, உன்னைக் கும்பிடவும் அவர்களுக்கு வரவில்லை. விஜயகுமாரின் பெண்டாட்டி, “வெளக்கு ஏத்தும்போதெல்லாம், எங்கிட்ட வாங்கினு போன பச்சப் பொடவ எங்கடின்னுதான் கேக்கத் தோணுது” என்கிறாள். புடவையை நீ திருப்பிக் கொடுத்துவிட்டாயா? விஜயகுமார் இன்னொரு படி மேலே போய்விட்டான். “நெலத்துல போர் போடறேன், தண்ணி வரணும்னு வேண்டினேன். கூடப் பொறந்தவன் கிட்டயே ஆறு வருஷமா வாயத் தெறக்காத தெய்வம் எனக்கு எங்க தெறக்கப் போவுது?” என்று டீக்கடையில் வைத்துக் கேட்கிறான்.

முடிவாகப் பங்காளிகள் எனக்கு இரண்டு வழி கொடுத்திருக்கிறார்கள். ஒன்று, இருபத்து நாலு முகத்தையும் நானே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். என் தோள்பட்டை தாங்காது. இல்லையென்றால், ஆடி மூன்றாம் ஞாயிறு ஆத்தாவுக்குப் பொங்கல் வைக்கும்போது நீ நேரில் வந்து முதல் பானையை வைக்க வேண்டும். நம் வழக்கத்தில் அதைப் பிறந்த வீட்டுப் பெண்தான் வைக்கணும் என்பது உனக்குத் தெரியும். ஆறு வருஷமாக நீ வராததால் ஆண்டாள் அத்தைதான் வைக்கிறது. இந்த வருஷம் அத்தையால் பானையைத் தூக்க முடியாது.

ஆகவே இது என் சொந்த விருப்பத்தில் எழுதுகிற கடிதம் இல்லை, பங்காளிகளின் நிர்ப்பந்தம். அன்றைக்குப் பாப்பாவின் மஞ்சள் நீராட்டு விழாவில் நடந்ததில் தப்பு என் பக்கம் என்று நான் ஒத்துக்கொண்டதாக நினைத்துவிடாதே. தாய்மாமன் நான். மண்டப வாசலில் வைத்த பேனரில் உன் வீட்டுக்காரரின் ஒன்றுவிட்ட மாமாவுக்கு ஆள் உயரப் படம், எனக்கு அடியில், பேனர் அச்சடித்தவன் போன் நம்பருக்குப் பக்கத்தில், தீப்பெட்டி அளவில் படம். அதுவும் நான் மீசை முறுக்கித் திரிந்த காலத்துப் படம். சீர்த்தட்டை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பினேன். நீ பரிமாறின கையோடு கேட் வரைக்கும் ஓடி வந்து, “சாப்ட்டுட்டு போண்ணா, எல்லாரும் பாக்கறாங்க” என்றாய். நான், “பேனர்ல எடம் இல்லாதவனுக்கு எலையில மட்டும் எதுக்கு?” என்றேன். “அப்ப இனிமே என் மூஞ்சியில முழிக்காத” என்று நீ சொன்னாய். சொன்னவள் நீதான். நான் அதற்குக் கட்டுப்பட்டேன், அவ்வளவுதான்.

நீ என்னிடம் பேச வேண்டாம். திண்டிவனம் வந்து பஸ் மாறி வா. பானையை வை. பொங்கினதும் போய்விடு. நான் வேண்டுமானால் பெருமுக்கல் மலைக்கோயிலுக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறேன். நீ போன பிறகு இறங்கி வருகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம், பல்லைச் சீக்கிரம் பிடுங்கிவிடச் சொல். பாப்பா நன்றாகப் படித்து, நல்ல ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, எங்களுக்கெல்லாம் வலிக்காமல் ஊசி போட வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். உன் முட்டிவலிக்கு உன் அண்ணி ஒரு தைலம் வைத்திருக்கிறாள், பார்சலில் அனுப்பினால் உடைந்துவிடும் என்கிறாள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
கண்ணாயிரம்

பின்குறிப்பு: கடிதத்தைச் செந்தமிழிடம் ஒட்டக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, “நெசத்தை எழுதாம நான் தபால்ல போட மாட்டம்ப்பா. ஆர்டர் குடுத்தவங்க காதுக்குப் போனா என் பொழப்பு என்னாவுறது?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆகவே எழுதுகிறேன்.

பங்காளிகள் யாரும் என்னை நிர்ப்பந்திக்கவில்லை. முகத்தைப் பற்றிச் சண்டையும் வரவில்லை. “நம்ம ஆத்தாவுக்கு மூஞ்சி எதுக்கு, மூணு செங்கல்லு போதும்” என்று விஜயகுமார் முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டான். இருபத்து நாலு பலகையிலும் செங்கல்தான் இருக்கிறது, நன்றாக வந்திருக்கிறது. அவன் நிலத்தில் போர் போட்டுத் தண்ணீரும் வந்துவிட்டது. புடவைக் கதையும் நான் கட்டினது, அதற்காக அவன் பெண்டாட்டியோடு சண்டைக்குப் போய்விடாதே.

உன் முகம் இருப்பது ஒரே ஒரு பலகையில், அது என்னிடம் இருக்கிறது. மிஷின் தானாகச் செய்யவில்லை. நான்தான் போட்டோவைக் கொடுத்துச் செந்தமிழைப் போடச் சொன்னேன். கிரீடம், சூலம் ஒன்றும் கிடையாது, தலையில் பொங்கல் பானையோடு நிற்கிறாய். நீயும் நானும் கரைமேட்டில் சேர்ந்து நின்று எடுத்து, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொண்டோமே, அந்தப் போட்டோதான். அதில் என் பாதியை வெட்டித்தான் நீ பேனரில் போட்டிருக்கிறாய். என் வீட்டுப் படத்தில் உன் பாதியைத் தேடினபோதுதான் எனக்கே அது தெரிந்தது. இத்தனை வருஷம் அதை நீ பத்திரமாக வைத்திருந்திருக்கிறாய், நான் அளவை மட்டும் பார்த்தேன்.

பழைய படத்தில் புருவத் தழும்பு மங்கிப் போயிருந்தது. நான்தான் சொல்லி வரைய வைத்தேன். சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து உப்பளத்து வரப்பில் வேகமாக ஓட்டி உன்னைக் கீழே தள்ளியவன் நான். அப்பா கேட்டபோது, ரத்தம் வழிய வழிய, “நானே ஓடி வுழுந்துட்டம்ப்பா” என்றாய். உனக்கு அப்போது ஆறு வயசு. அன்றைக்கு வாங்காத அடிதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

உயிரோடு இருக்கிறவளைச் சாமி அறையில் வைக்கக் கூடாது என்று உன் அண்ணி சொன்னாள். என் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். நீ சொன்னதற்கு நான் கட்டுப்படவில்லை மலரு, தினம் காலையில் உன் மூஞ்சியிலதான் முழிக்கிறேன்.

ஆண்டாள் அத்தையால் பானையைத் தூக்க முடியாது என்று எழுதினது மட்டும் நிஜம். பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நான் மலைக்குப் போகவில்லை, பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். வா. வந்து சாப்பிட்டுவிட்டுப் போ.