எந்தத் துறை கொடுத்த புழு?

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். நீங்களும் சித்தியும் நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்க எனக்கு முகம் இல்லை. பதினோரு நாளைக்கு முன், உங்கள் மனுவின் நகலைத் தேடி வையுங்கள் என்று சொன்னேன். அன்றோடு என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டீர்கள். அதனால் வேளாண்மை அலுவலகத் தட்டச்சராக இல்லாமல், உங்கள் அண்ணன் மகளாகக் கையால் எழுதுகிறேன்.

தப்பு என்னுடையதுதான். சோளக் குருத்தில் படைப்புழுவைப் பார்த்ததும் நீங்கள் மருந்துக் கடைக்குத்தான் கிளம்பினீர்கள். நான் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, "எதுக்கு சித்தப்பா கைக்காசைப் போடறீங்க? புழுவை ஒழிக்க அரசாங்கமே நிதி ஒதுக்கியிருக்கு. ஒரு மனு எழுதிக் குடுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்" என்று பெரிய மனுஷி மாதிரி பேசினேன். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். பட்டியலில் ஏற்றும்போது படைப்புழு பட்டுப்புழு ஆகிவிட்டது. எங்கள் அதிகாரி பாதி படித்துக் கையெழுத்துப் போட்டார், அவருக்கு மேலே இருப்பவர் அந்தப் பாதியும் படிக்காமல் போட்டார், கோப்பு நேராகப் பட்டு வளர்ச்சித் துறைக்குப் போய், மருந்தும் தெளிப்பானும் வந்திருக்க வேண்டிய உங்கள் வாசலில் முசுக்கொட்டைக் கன்றுகளும் புழு வளர்க்கும் தட்டுகளும் வந்து இறங்கின. கூடவே 'புழுவே நம் செல்வம்' என்று ஒரு பலகை. போதாததற்கு, அந்த நிலத்தில் பூச்சிமருந்து வாடையே வரக்கூடாது என்று ஒரு நிபந்தனை. "ஒரு வாரம் பொறுங்க, திருத்திடலாம்" என்றேன். நீங்கள் பொறுத்தீர்கள். புழு பொறுக்கவில்லை. பட்டுத் துறையிலேருந்து ஆய்வுக்கு வந்தவர் குருத்தைப் பிரிச்சு, கொழுத்துக் கிடந்ததைப் பாத்துட்டு, "அடேயப்பா! நாங்க இன்னும் முட்டையே குடுக்கலையே, இது எந்தத் துறை குடுத்த புழு?"ன்னு கேட்டாராமே. "பிடிச்சிருந்தா தட்டோட எடுத்துட்டுப் போங்க சார்"னு சித்தி சொன்னதை அப்பா நடிச்சுக் காட்டினப்போ வீடே சிரிச்சுது. நானும் சிரிச்சேன் சித்தப்பா. பாதி வயல் மொட்டையாயிடுச்சுன்னு அப்பா கடைசியிலதான் சொன்னார். அதுக்கப்புறம் குளியலறையில குழாயைத் திறந்துவிட்டுட்டு ரொம்ப நேரம் இருந்தேன்.

மிச்சப் பாதியை இன்னும் காப்பாற்றலாம். புது மனு தயார். இந்தத் தடவை எழுத்தெழுத்தாக மூன்று பேரிடம் படித்துக் காட்டினேன், வாசல் காவலாளி உட்பட. அலுவலகத்தில் இப்போது என் பெயரே புழுக்காரிதான். வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் கையெழுத்து வேண்டும். என்னைத் திட்டுங்கள், திட்டிக்கொண்டே கையெழுத்துப் போடுங்கள்.

சித்தி அந்தக் கன்றுகளுக்கும் தண்ணீர் ஊற்றுகிறாராமே. அந்த மனசுக்கு என் வணக்கம். மிச்சமிருக்கும் சோளமாவது கதிர் பிடிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வயலைத் தின்ற மகள்,
புழுக்காரி

பின்குறிப்பு: புது மனுவோடு இணைக்க உங்கள் பழைய மனுவை இப்போதுதான் கோப்பிலிருந்து எடுத்தேன். நான்கு இடத்தில், உங்கள் குண்டு குண்டான எழுத்தில், பட்டுப்புழு. நான் அடித்ததில் ஓர் எழுத்தும் பிசகவில்லை. நீங்கள் தேடிய நகலிலும் அதைத்தானே பார்த்திருப்பீர்கள்? அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. வீட்டில் தப்பு என் பேரிலேயே இருக்கட்டும். சாவியைப் பிடுங்கினது நான்தானே. போனை எடுங்க சித்தப்பா.